வீடு தேடும் சூத்திரம்

1991. ஜப்பானில் ஓடும் ஓர் அதிவேக ரயில். கனடாவிலிருந்து வந்திருந்த பயணி ஒருவர், கைக்குக் கிடைத்த டிஷ்யூ பேப்பரில் ஒரு சமன்பாட்டை எழுதிவைக்கிறார். அவர் பெயர் கிம் ராஸ்மோ. பேராசிரியர் இல்லை, போலீஸ்காரர். வான்கூவர் நகரத்தின் மிக ஏழ்மையான பகுதியான டவுன்டவுன் ஈஸ்ட்சைடில் ரோந்து நடந்தவர். வேலையில் இருந்துகொண்டே, நகரத்தை ஒட்டியுள்ள சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் குற்றவியலில் முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தார். கணக்கில் சிறுவயதிலிருந்தே அவருக்குப் பிடிப்பு உண்டு. அதுவரை அந்தப் பிடிப்புக்குக் காவல் துறையில் பெரிய வேலை இருந்ததில்லை.

அந்தத் தாளில் இருந்தது ஒரே ஒரு கேள்விக்கான விடை. ஒரே ஆள் ஒரு ஊரில் பல இடங்களில் குற்றம் செய்திருக்கிறான். யாரென்று தெரியாது. இடங்கள் மட்டும் தெரியும். அந்த இடங்களை வைத்து அவன் குடியிருக்கும் இடத்தை எங்கே தேடத் தொடங்குவது?

கேள்வி ராஸ்மோவுடையது என்றாலும், அது முளைத்த மண் வேறு இருவருடையது. அவருடைய பல்கலைக்கழகத்தில் பால் பிராண்டிங்ஹாம், பட்ரீசியா பிராண்டிங்ஹாம் என்ற ஆய்வாளர் தம்பதி இருந்தார்கள். குற்றவாளியின் மனத்துக்குள் புகுந்து பார்ப்பதில் அவர்களுக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. அவன் நடமாட்டத்தைப் பார்த்தார்கள். திருடனும் காலையில் எழுகிறான், வேலைக்குப் போகிறான், கடைக்குப் போகிறான், நண்பனைப் பார்க்கப் போகிறான். வீடு, வேலையிடம், கடைத்தெரு, இவற்றை இணைக்கும் சாலைகள் ஆகியவைதாம் அவனுக்குத் தெரிந்த ஊர். மீதி ஊர் அவனைப் பொறுத்தவரை வெற்றிடம். தெரிந்த ஊரும், கைவைக்கத் தோதான இடமும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவோ அங்கே குற்றம் நடக்கிறது. 1981இல் அவர்கள் தொகுத்து வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்த துறைக்குச் சூழல் குற்றவியல் என்று பெயர். ஆள் எங்கே வாழ்கிறான் என்று தெரிந்தால் எங்கே குற்றம் செய்வான் என்று சொல்லலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ராஸ்மோ அதைத் தலைகீழாகப் புரட்டினார்.

குற்றத்தை வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அதற்கும் மிக முந்தையது. 1829இல் பிரான்ஸில் ஆந்திரே-மிஷெல் கெரி என்ற வழக்கறிஞரும் அட்ரியன் பால்பி என்ற புவியியலாளரும், புதிதாக வெளிவரத் தொடங்கியிருந்த நீதித்துறைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு நாட்டின் மாவட்டங்களுக்கு நிழல் தீட்டினார்கள். ஒரு படத்தில் ஆட்களுக்கு எதிரான குற்றம், ஒன்றில் சொத்துக்கு எதிரான குற்றம், மூன்றாவதில் கல்வி. பள்ளிக்கூடம் வந்தால் திருட்டு ஒழியும் என்று நம்பியவர்களுக்கு அந்த மூன்று படங்களும் வேப்பங்காயாகக் கசந்தன. படிப்பு அதிகமிருந்த வடக்கில்தான் சொத்துக் குற்றமும் அதிகமிருந்தது. சமூகத்தைப் பற்றிப் பேச அந்தப் படங்கள் போதும். ஆளைப் பிடிக்க உதவா. அதற்கு வேறொரு பார்வை வேண்டியிருந்தது. அது வந்தது இங்கிலாந்தின் வடக்கில், மிகத் தாமதமாக.

1975 முதல் 1980 வரை யார்க்‌ஷயர் பகுதியிலும் அதைத் தாண்டியும் 13 பெண்களை ஒருவன் கொன்றான். லீட்ஸ் நகரத்து மில்கார்த் காவல் நிலையத்தில் விசாரணை அறை. கணினி இல்லை. எல்லாம் அட்டைகள். அட்டைகளின் பாரம் தாங்காமல் தளத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டிவந்தது என்பார்கள். இதற்கு நடுவே 1979இல் ஒரு ஒலிநாடா வந்தது. நான்தான் கொலைகாரன் என்று ஒரு குரல், சண்டர்லாண்ட் பக்கத்து உச்சரிப்பில். அதிகாரிகள் அதை நம்பினார்கள். சண்டர்லாண்ட் வாடை இல்லாத பேச்சுக்காரர்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து தள்ளப்பட்டார்கள். உண்மையான கொலைகாரனான பீட்டர் சட்க்ளிஃபை போலீஸ் ஒன்பது முறை விசாரித்தது; ஒன்பது முறையும் விட்டது. ஒலிநாடா ஒரு குடிகாரனின் விளையாட்டு என்பது 2006இல்தான் நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது.

1980 கடைசியில், வழக்கைப் புதிதாகப் பார்க்க வெளியாட்கள் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று அமைத்தார்கள். அதில் ஸ்டுவர்ட் கைண்ட் என்ற தடயவியலாளர் இருந்தார். போர்க்காலத்தில் விமானப்படையில் திசை கணிக்கும் வேலை பார்த்தவர். ஒலிநாடாவை அவர் ஓரம் வைத்தார். கொலைகளும் கொலை முயற்சிகளுமாக 17 சம்பவ இடங்களை வரைபடத்தில் வைத்தார். அவர் யோசித்த விதம் இப்படி: 17 இடங்களிலும் குண்டூசி குத்துங்கள். பதினெட்டாவதாக ஒரு குண்டூசி எடுத்து, அதிலிருந்து மற்ற ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டுங்கள். மொத்த நூல் மிகக் குறைவாகச் செலவாக வேண்டுமென்றால் பதினெட்டாவது ஊசியை எங்கே குத்துவீர்கள்? அங்கே இருக்கிறான். கூடவே நேரத்தையும் பார்த்தார். தொலைவில் கொலை செய்பவன், நள்ளிரவில் வெறிச்சோடிய சாலையில் தனியாகக் கார் ஓட்டிச் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று, சற்று முன்னதாகவே வேலையை முடிப்பான். நேரமாக ஆக, இடம் வீட்டுக்குப் பக்கத்தில் வரும். இரண்டு கணக்கும் ஒரே திசையைக் காட்டின. பிராட்ஃபோர்டு நகரம், மானிங்ஹாம் அல்லது ஷிப்லி பகுதி என்று டிசம்பரில் அறிக்கை எழுதினார்.

1981 ஜனவரி 2ஆம் தேதி இரவு, ஷெஃபீல்டில் சாதாரண ரோந்துக் காவலர் இருவர், போலி நம்பர் பிளேட்டுக்காக ஒரு காரை மறித்தார்கள். சட்க்ளிஃப் அகப்பட்டான். அவன் வீடு மானிங்ஹாமுக்கும் ஷிப்லிக்கும் இடைப்பட்ட ஹீட்டனில் இருந்தது.

கைண்டின் கணக்கு ஆளைப் பிடிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிடித்தது ரோந்து. ஆனால் ஐந்து ஆண்டு அட்டை குவித்தவர்களால் முடியாததை ஒரு வரைபடமும் நூலும் சில நாளில் செய்தன. அட்டைக் குவியலில் சட்க்ளிஃபின் பெயர் ஏற்கெனவே இருந்தது. எந்த அட்டையை முதலில் எடுப்பது என்று சொல்ல ஆள் இல்லாததுதான் கோளாறு.

ராஸ்மோவின் சூத்திரம் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஊரை ஆயிரக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, இங்கே அவன் குடியிருந்தால் இந்தச் சம்பவ இடங்களுக்குப் போயிருப்பானா என்று கேட்டு மதிப்பெண் போடுகிறது. தூரத்தைக் காக்கை பறக்கும் கோடாக அளப்பதில்லை. நியூயார்க் மன்ஹாட்டன் தெருக்களைப் போல் குறுக்கும் நெடுக்குமாக நடந்து அளக்கிறது. தூரம் கூடக்கூட மதிப்பெண் குறையும், ஏனென்றால் யாரும் காரணமில்லாமல் வெகுதூரம் போவதில்லை. ஆனால் மிகப் பக்கத்தில் வந்தாலும் குறையும். சொந்தத் தெருவில் முகம் தெரியும், பால்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்ப்பார்கள். எனவே வீட்டைச் சுற்றி ஒரு வளையத்துக்குள் அவன் கை வைக்கத் தயங்குவான். இந்த இரண்டு தயக்கங்களையும் ஒரே சமன்பாட்டுக்குள் அடக்கியதுதான் ரயிலில் நடந்தது. எல்லாச் சம்பவங்களுக்கும் கூட்டிப் பார்த்தால் வரைபடத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு நிலப்பரப்பு எழும். மேட்டிலிருந்து தேடத் தொடங்கு என்பது அதன் ஒரே அறிவுரை.

இதை விளங்கவைக்க எல்லோரும் எடுத்தாளும் உவமை, புல்வெளியில் சுழலும் நீர்த்தெளிப்பான். அடுத்த துளி எங்கே விழும் என்று எவராலும் சொல்ல முடியாது; விழுந்த துளிகளைப் பார்த்துத் தெளிப்பான் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 2005இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நம்பர்ஸ்' தொடரின் முதல் கதையே இந்தச் சூத்திரம்தான். கரும்பலகையில் அதை எழுதிக் காட்டுகிறார் கதாநாயகக் கணிதப் பேராசிரியர். உண்மையில் எழுதியவர் காக்கிக்காரர் என்பது நாடகத்துக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது.

1995இல் ராஸ்மோ முனைவர் பட்டம் பெற்றார். பணியிலிருக்கும் கனடியப் போலீஸ்காரர் ஒருவர் குற்றவியலில் முனைவரானது அதுவே முதல் முறை. வான்கூவர் காவல் துறை அவருக்கென்று தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, காவலர் நிலையிலிருந்து ஒரேயடியாக இன்ஸ்பெக்டர் ஆக்கியது. இடையிலிருந்த படிகளில் வரிசையாகக் காத்திருந்தவர்கள் இதை மறக்கவில்லை. சூத்திரம் 'ரைஜெல்' என்ற மென்பொருளாகிப் பல நாட்டுக் காவல் துறைகளுக்குப் போனது.

அது பார்த்த வேலைகளில் இரண்டைச் சொன்னால் போதும். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து லஃபயட் நகரத்தில் பல ஆண்டுகளாகப் பெண்களின் வீடுகளுக்குள் புகுந்து ஒருவன் பாலியல் வன்முறை செய்துவந்தான். சூத்திரம் ஊரின் ஒரு சிறு பகுதியைக் காட்டியது. அந்தப் பகுதியில் சந்தேகத்துக்கு இடமான ஆட்களை ஒவ்வொருவராக டிஎன்ஏ சோதித்துக் கழித்தார்கள். யாரும் இல்லை. பிறகு பெயர் சொல்லாத ஒருவர் துப்புக் கொடுத்தார்: ஆள், பக்கத்துக் காவல் பிரிவின் அதிகாரி. அவர் முகவரியோ சூத்திரம் காட்டிய பகுதிக்கு வெகு தொலைவில். விசாரணை அதிகாரி அதோடு விடவில்லை. பழைய பணிப் பதிவேட்டைப் புரட்டினார். குற்றங்கள் நடந்த காலத்தில் அவர் குடியிருந்தது அதே பகுதியின் நடுவில். பின்தொடர்ந்து, அவர் எறிந்த சிகரெட் துண்டை எடுத்துச் சோதித்தார்கள். பொருந்தியது. சூத்திரத்துக்கு இன்றைய முகவரி பொருட்டில்லை. குற்றம் நடந்த நாளின் முகவரிதான் பொருட்டு. இந்த வேறுபாடு புரியாத இடத்தில் கோப்பு மூடப்பட்டிருக்கும்.

இரண்டாவது வேலை, கைண்டின் நாட்டிலேயே. 1982க்கும் 1995க்கும் இடையில் லீட்ஸ், லெஸ்டர், நாட்டிங்ஹாம் நகரங்களில் பெண்களைக் காரோடு கடத்திய ஒருவனைப் பல காவல் படைகள் சேர்ந்து தேடின. கைரேகை இருந்தது, ஆனால் அரைகுறை. கணினி அதைத் தேட மறுத்தது. காவல் நிலையங்களில் தூங்கும் பழைய கைரேகை அட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் ஒப்பிட வேண்டும். எந்த நிலையத்திலிருந்து தொடங்குவது? கடத்தப்பட்ட பெண்ணின் கடன் அட்டையை அவன் திருடிக் கடை கடையாகப் பொருள் வாங்கியிருந்தான். குற்றம் நடந்த இடங்களைவிட இந்தக் கடைகள் அவனை அதிகம் காட்டிக்கொடுத்தன. கடைக்குப் போகும்போது யாரும் தந்திரம் செய்வதில்லை. சூத்திரம் நிலையங்களை வரிசைப்படுத்தித் தந்தது. அட்டை கிடைத்தது வரிசையின் முன்பகுதியிலிருந்த மில்கார்த் நிலையத்தில். அட்டைப் பாரத்தால் தளம் ஆடிய அதே கட்டடம்.

வெற்றிக் கதைகள் மட்டும் சொன்னால் விளம்பரமாகிவிடும். 2002 அக்டோபரில் வாஷிங்டன் நகரைச் சுற்றி, பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர்கள், பள்ளி வாசலில் இறங்கிய சிறுவன், பேருந்துப் படியில் நின்றிருந்த ஓட்டுநர் என்று யார்யாரோ தொலைதூரத் துப்பாக்கிக்கு இலக்கானார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். உதவிக்கு ராஸ்மோவை அழைத்தார்கள். தொலைக்காட்சிகள் சூத்திரத்தைப் பற்றிப் பேசிக் களைத்தன. அக்டோபர் 24ஆம் தேதி அதிகாலை நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த இருவரைப் பிடித்தார்கள். அவர்களுக்கு அந்தப் பகுதியில் வீடே இல்லை. பின்பக்கத்தைத் துளைத்து, படுத்தபடி சுடுவதற்கு ஏற்பச் சீர்செய்த ஒரு காரிலேயே வாழ்ந்தார்கள். வீடு இல்லாதவனின் வீட்டை எந்தக் கணக்கும் தேட முடியாது. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. சூத்திரம் தன் நிபந்தனைகளை மறைத்ததே இல்லை என்பது என் கட்சி: ஐந்து சம்பவமாவது வேண்டும், எல்லாம் ஒரே ஆள் செய்தவை என்று தெரிந்திருக்க வேண்டும், அவனுக்கு நிலையான ஓர் இருப்பிடம் வேண்டும், வெளியூரிலிருந்து வந்துபோகிறவனாக இருக்கக் கூடாது. நிபந்தனைகளைப் படிக்காமல் மருந்து சாப்பிட்டது யார் தவறு?

உண்மையான தோல்வி அதற்கு முன்பே நடந்துவிட்டது, அதன் பிறந்த ஊரில்.

வான்கூவரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடிலிருந்து 1990களில் பெண்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் தெருவில் பாலியல் தொழில் செய்து பிழைத்தவர்கள், போதைப் பழக்கத்தில் மாட்டியவர்கள். அவர்களில் பூர்வகுடிப் பெண்கள் மிகப் பலர். எங்காவது போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்பதுதான் நிலையத்தில் கிடைத்த பதில். குடும்பத்தினர் புகாரெழுத வந்தால் அவர்களை நடத்திய விதத்தைப் பின்னாளில் விசாரணை ஆணையம் பக்கம் பக்கமாகப் பதிவு செய்திருக்கிறது.

இங்கே ராஸ்மோவின் கையிலிருந்த கருவி பயன்படவில்லை. சடலம் இல்லை, சம்பவ இடம் இல்லை. எல்லோரும் அதே சில தெருக்களிலிருந்து மறைந்தார்கள். புள்ளிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. அந்தப் புள்ளியிலிருந்து எந்த மேடும் எழாது. தான் பேர் வாங்கிய கருவியை ஓரம் வைத்துவிட்டு, அவர் மிக எளிய கணக்கு ஒன்றைப் போட்டார். வழக்கமாகக் காணாமல் போகிறவர்கள் எத்தனை நாளில் கிடைத்துவிடுகிறார்கள், கிடைக்காமலே போகிறவர்கள் ஆண்டுக்கு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்? எண்ணிக்கை தற்செயலாக இப்படி உயராது என்றது கணக்கு. ஒரு தொடர் கொலைகாரன் இருக்கிறான் என்பதே பொருத்தமான விளக்கம் என்று அவர் சொன்னார். 1998இல் பொதுமக்களை எச்சரிக்க அறிக்கை ஒன்று எழுதப்பட்டது. துறைக்குள்ளேயே அதை நிறுத்தினார்கள். தொடர் கொலைகாரன் இருப்பதற்கு ஆதாரமில்லை என்பது அதிகாரபூர்வ நிலைப்பாடாக நீடித்தது.

2000இன் இறுதியில் ராஸ்மோவின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. வழக்குப் போட்டார், தோற்றார். 2002 பிப்ரவரியில், நகரத்துக்குக் கிழக்கே போர்ட் கோக்விட்லாம் என்ற ஊரிலிருந்த ஒரு பன்றிப் பண்ணைக்குள், அனுமதியில்லாத துப்பாக்கியைத் தேடும் உத்தரவோடு போலீஸ் நுழைந்தது. காணாமல் போன பெண்களின் உடைமைகள் கண்ணில் பட்டன. தோண்டத் தோண்ட, 33 பெண்களின் எச்சங்களோ டிஎன்ஏ தடயமோ கிடைத்தன. பண்ணைக்காரன் ராபர்ட் பிக்டன் 2007இல் ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டான். அவன் பெயர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே போலீஸ் கோப்பில் இருந்தது. 1997இல் பண்ணையிலிருந்து கத்திக்குத்தோடு தப்பிவந்த ஒரு பெண்ணின் வழக்கில் அவன் மேல் குற்றச்சாட்டுப் பதிவாகி, பிறகு கைவிடப்பட்டது.

முன்னாள் நீதிபதி வாலி ஒப்பல் தலைமையிலான ஆணையம் 2012இல் அறிக்கை தந்தது. ராஸ்மோ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்றது. அவர் சொன்னதில் கடினமான கணிதம் எதுவும் இல்லை. எண்ணிப் பார்த்தால் போதும். எண்ணப்பட்டவர்கள் யார் என்பதால்தான் அந்த எண் யார் காதிலும் விழவில்லை என்று நினைக்கிறேன். வசதியான குடியிருப்பிலிருந்து ஐந்து பெண்கள் மறைந்திருந்தால் இந்த எளிய கணக்கின் தேவைகூட வந்திருக்காது.

சூத்திரத்துக்குக் கல்விப்புலத்திலும் எதிரிகள் இருந்தார்கள். இங்கிலாந்தில் உளவியலாளர் டேவிட் கான்டர் தனி வழியில் இதே இடத்துக்கு வந்திருந்தார். 1986இல் லண்டன் ரயில் நிலையங்களை ஒட்டி நடந்த தொடர் பாலியல் வன்முறை, கொலை வழக்கில், ஆண்டு வாரியாகச் சம்பவங்களை ஒளிபுகும் தாள்களில் குறித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முதல் சம்பவங்களின் நடுவில் ஆள் இருப்பான் என்றார். கில்பர்ன் பகுதியில்தான் ஜான் டஃபி இருந்தான். பிறகு கான்டரும் சக ஆய்வாளர் ஒருவரும் 45 தொடர் பாலியல் குற்றவாளிகளை ஆராய்ந்தார்கள். மிகத் தொலைவிலுள்ள இரண்டு சம்பவ இடங்களை விட்டமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், 87 சதவீதம் பேரின் இருப்பிடம் அதற்குள் விழுந்தது. காம்பஸ் போதும், மென்பொருள் எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. 2004இல் பிரென்ட் ஸ்னூக்கும் சக ஆய்வாளர்களும் அதைச் சோதித்தே பார்த்தார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் குற்றப் புள்ளிகள் குறித்த வரைபடங்களைக் கொடுத்து, ஆள் எங்கே இருப்பான் என்று குறிக்கச் சொன்னார்கள். குற்றவாளிகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குற்றம் செய்வார்கள் என்ற ஒரு வரியை மட்டும் சொல்லிக்கொடுத்ததும், அவர்கள் மென்பொருளுக்கு இணையாகக் குறித்தார்கள். ராஸ்மோ தரப்பு இதை ஏற்கவில்லை: ஒரு புள்ளியைக் குறிப்பது வேறு, தேடும் வரிசையை முழு ஊருக்கும் தருவது வேறு, மூன்று சம்பவ வரைபடத்தில் எதையும் நிரூபிக்க முடியாது என்றார்கள். சண்டை பல ஆண்டுகள் நீண்டது. கைண்டின் நூலை நினைத்தால் எனக்கு அந்தச் சாதாரண மனிதர்கள் பக்கம் சாயத் தோன்றும். மில்கார்த் அட்டைகளை நினைத்தால் மறுபக்கம்.

இதற்கிடையே சூத்திரம் தொழில் மாறியது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக உயிரியலாளர் ஸ்டீவ் லெ கோம்பர், வேட்டையாடும் விலங்கும் வேட்டையிலிருந்து திரும்பத் தங்குமிடம் வேண்டும் உயிர்தானே என்று யோசித்தார். 2006இல் ஸ்காட்லாந்து வௌவால்கள் இரைதேடிய இடங்களைக் கொடுத்தார்கள். சூத்திரம் அவை அடையும் கூடுகளைக் காட்டியது. வண்டுத்தேனீக்கள் மொய்த்த பூக்களைக் கொடுத்தார்கள். கூட்டின் வாசலைக் காட்டியது. தென்னாப்பிரிக்காவின் ஃபால்ஸ் விரிகுடாவில், சீல் தீவைச் சுற்றி வெள்ளைச் சுறாக்கள் கடல்நாய்களைத் தாக்கிய 340 இடங்களை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. சுறாவுக்கு ஏது வீடு? ஆனாலும் சூத்திரம் ஓர் இடத்தைக் காட்டியது. கடல்நாய்கள் கடலில் இறங்கும் வாயிலிலிருந்து ஏறக்குறைய நூறு மீட்டர் தள்ளி, பதுங்கிக் காத்திருக்கத் தோதான இடம். பெரிய சுறாக்கள் அந்த இடத்தைவிட்டு அதிகம் அலையவில்லை. சின்னச் சுறாக்கள் அங்கங்கே சிதறித் தாக்கின, தோற்றன. புதிய திருடர்கள் கண்ட இடத்தில் கைவைப்பதையும், தேறியவர்கள் தங்கள் வட்டாரத்தைப் படித்துவைத்திருப்பதையும் பார்த்த எந்தப் போலீஸ்காரருக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது.

நோய்க்கும் ஊற்றுக்கண் உண்டு. 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளைத் தெரு வரைபடத்தில் கறுப்புக் கோடுகளாகக் குறித்து, பிராட் தெருக் குழாய்தான் காரணம் என்று காட்டியது பள்ளிப் பாடப் புத்தகம்வரை வந்துவிட்ட கதை. 2011இல் லெ கோம்பரும் ராஸ்மோவும் மற்றவர்களும் அந்தப் பழைய வரைபடத்தின் 321 வீடுகளைச் சூத்திரத்திடம் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்திலிருந்த 13 குழாய்களில் பிராட் தெருக் குழாய் முதலிடத்தில் வந்தது. விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் என்ன பெருமை என்று கேட்கலாம். அதே கட்டுரையில் கெய்ரோவும் இருந்தது. அங்கே மலேரியா நோயாளிகளின் வீடுகளைக் கொடுத்து, எந்தக் குட்டையில் கொசு முட்டையிடுகிறது என்று கேட்டார்கள். மலேரியா பரப்பும் முக்கியக் கொசு இனம் உண்மையில் கிடைத்த ஏழு நீர்நிலைகளில் ஆறு, சூத்திரம் தேடச் சொன்ன பரப்பின் முதல் 2 சதவீதத்துக்குள் இருந்தன. மருந்து தெளிக்க ஆளும் பணமும் குறைவாக உள்ள நகராட்சிக்கு இந்த வரிசை என்ன மதிப்புள்ளது என்று சொல்ல வேண்டியதில்லை. சூத்திரத்தின் வாழ்க்கையிலேயே எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

பிடிக்காத கட்டமும் உண்டு. பேங்க்ஸி என்று மட்டும் அறியப்படும் தெரு ஓவியர், யாரென்று காட்டிக்கொள்ளாமலே லண்டன், பிரிஸ்டல் சுவர்களில் வரைந்துவந்தார். 2016இல் அதே குழு அவர் வரைந்தவை எனப்படும் 140 ஓவியங்களின் இடங்களைச் சூத்திரத்துக்குக் கொடுத்து, ஏற்கெனவே ஒரு பத்திரிகை ஊகித்திருந்த மனிதரின் முகவரிகளோடு ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. பயங்கரவாதிகளைத் தேடவும் இம்முறை பயன்படும் என்று காட்டவே செய்தோம் என்றார்கள். யாரையும் காயப்படுத்தாத ஒருவரின் வீட்டு வாசலை ஏன் காட்ட வேண்டும் என்பதற்கு அது பதிலாகாது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வெளிவந்த இன்னொரு கட்டுரை இதைவிடக் கனமானது. பெர்லினில் வெட்டிங் தொழிலாளர் குடியிருப்பில் ஓட்டோ ஹாம்பல் என்ற ஆலைத் தொழிலாளியும் மனைவி எலிசேயும் வாழ்ந்தார்கள். எலிசேயின் சகோதரன் 1940இல் போரில் இறந்தான். அந்தத் துக்கத்தில் இருவரும், ஹிட்லர் ஆட்சிக்கு ஒத்துழைக்காதீர்கள் என்று அஞ்சலட்டைகளில் எழுதி, அடுக்குமாடிப் படிக்கட்டுகளிலும் கதவோரங்களிலும் இரகசியமாக வைத்துவிட்டு வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் இருநூறுக்கும் மேல். கண்டெடுத்தவர்கள் பயந்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் கெஸ்டபோவிடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வோர் அட்டையும் கிடைத்த இடம் கோப்பில் பதிவானது. 1942இல் பிடிபட்டு, 1943 ஏப்ரல் 8 அன்று இருவரும் கொல்லப்பட்டார்கள். கோப்பு போருக்குப் பின் ஹன்ஸ் ஃபல்லாடா என்ற நாவலாசிரியரிடம் வந்தது. 1947இல் அது நாவலானது. நாவலில் வரும் கெஸ்டபோ அதிகாரி, நகர வரைபடத்தில் சின்னக் கொடிகளைக் குத்திக் குத்தி, கொடியில்லாத வட்டத்தின் நடுவில் ஆள் இருக்கிறான் என்று கண்டுகொள்கிறார். ராஸ்மோவின் வளையத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு நாவலாசிரியர் வரைந்துவிட்டார்.

ராஸ்மோவும் சக ஆய்வாளர்களும் உண்மையான கோப்பிலிருந்த இடங்களைச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஹாம்பல் தம்பதியின் பகுதியை அது சரியாகவே காட்டியது. தெளிவான பதிவு, நிலையான வீடு, ஒரே ஆட்களின் கைவேலை, ஏராளமான புள்ளிகள் என்று சூத்திரம் கேட்கும் நிபந்தனைகள் எல்லாம் ஒருசேர அமைந்த வழக்கு அது. ஈஸ்ட்சைடில் அவை அப்படி ஒருசேர அமையவில்லை.

இன்று சூத்திரத்துக்குக் காவல் துறையில் வேலை குறைந்துவருகிறது. பையிலுள்ள கைபேசியே வீட்டைச் சொல்லிவிடுகிறது. கோபுரப் பதிவைக் கேட்டு வாங்கினால், சம்பவ நேரத்தில் அந்த இடத்தில் இருந்த எல்லா எண்களும் வரும். சூத்திரம் பல புள்ளிகளை வைத்து ஒரே ஆளைத் தேடியது. கோபுரப் பதிவு ஒரே புள்ளியை வைத்து அங்கிருந்த எல்லோரையும் சந்தேக நபராக்குகிறது. ஒரு மனிதரின் நீண்டநாள் இருப்பிடப் பதிவை எடுக்க நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கார்ப்பென்டர் வழக்கில் 2018இல்தான் சொன்னது.

ராஸ்மோ டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2009இல் குற்ற விசாரணைகள் எப்படித் தோற்கின்றன என்பதைப் பற்றி ஒரு நூல் தொகுத்தார். வீட்டைத் தேடும் கணிதத்துக்கு அதில் பெரிய இடமில்லை. ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பார்க்க மறுக்கும் குறுகிய பார்வை, மேலதிகாரி சொன்னதையே கூட்டமாகச் சொல்லும் பழக்கம், நிகழ்தகவைத் தப்பாகப் படிப்பது ஆகியவற்றைத்தான் அது பேசுகிறது.